ஃபோர்டுக்குள் ஷெவர்லே

பழைய ஃபோர்டு மஸ்டாங்கின் பானட்டைத் தூக்கியதும் உள்ளே அதன் நெடுநாள் எதிரியான ஷெவர்லேவின் இன்ஜின் உட்கார்ந்திருந்தால் பலருக்கு முகம் மாறிவிடும். பாராட்ட வந்த வாய் பாதியில் நின்றுவிடும். "ஃபோர்டுலயே எவ்வளவோ நல்ல இன்ஜின் இருக்கே, போயும் போயும் இதையா வச்சீங்க?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் அந்த வண்டியை உயிராக நேசிப்பவர்தான். அதனால் அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

என் நண்பர் ஒருவரின் 1966 மஸ்டாங்கில் நாங்கள் சிலர் சேர்ந்து இந்த வேலையைச் செய்தோம். ஆறு சிலிண்டர் வண்டியாகத் தொழிற்சாலையை விட்டு வந்தது அது. அவர் வாங்கும்போது இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை. பாடியும் சஸ்பென்ஷனும் மட்டும்தான் மிச்சம். அதில் ஷெவர்லேவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜினை ஏற்றினோம். இன்று அந்த வண்டி காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, வெயிலில் நெரிசலில் நின்றாலும் சூடேறுவதில்லை. அது துரோகம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஏற்க முடியாததற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் வரலாறு. கார் பிரியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் வண்டிகளில் பல, இரவல் இன்ஜினோடு பிறந்தவை. இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் ஏஸ் என்ற அழகான சிறு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்துகொண்டிருந்தது. அதற்குப் பிரிஸ்டல் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் இன்ஜின் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பிரிஸ்டல் இன்ஜினே பிஎம்டபிள்யூ 328-இன் வடிவமைப்பிலிருந்து வந்தது. பிரிஸ்டல் அந்த இன்ஜினைக் கைவிட்டபோது, 1961-இல் முன்னாள் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி ஏசிக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் காரில் அமெரிக்க வி8 (V வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்கள் நிற்கும் இன்ஜின்) வைக்கலாமா? இன்ஜினுக்காக அவர் முதலில் அணுகியது ஷெவர்லேவை. தன் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டுக்குப் போட்டியாக ஒன்றை வளர்த்துவிட ஷெவர்லே விரும்பவில்லை. ஃபோர்டு தன் புதிய சிறிய வி8-ஐக் கொடுத்தது. அப்படித்தான் 1962-இல் கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. ஷெவர்லே அன்று தலையாட்டியிருந்தால் கோப்ராவுக்குள் ஷெவர்லே இன்ஜின் இருந்திருக்கும். நாம் அதைத்தான் அசல் என்று போற்றிக்கொண்டிருப்போம்.

இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தின் கதை இன்னும் நீளமானது. ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் பிரிவு 1961-இல் 3.5 லிட்டர் அலுமினிய வி8 ஒன்றைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 144 கிலோதான் எடை. அந்தக் காலத்து வி8-க்கு அது வியக்க வைக்கும் எடை. வார்ப்பில் பிரச்சினை, செலவு அதிகம் என்று 1963-உடன் அதை நிறுத்திவிட்டார்கள். 1965-இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. 1967-இல் ரோவர் பி5பி, 1968-இல் மார்கன் பிளஸ் 8, 1970-இல் ரேஞ்ச் ரோவர், 1973-இல் எம்ஜிபி ஜிடி வி8 என்று அந்த இன்ஜின் இங்கிலாந்து முழுக்க நடமாடியது. எம்ஜிபியில் அது இருந்த இடத்தில் முன்பு நின்றது நான்கு சிலிண்டர் இரும்பு இன்ஜின். அந்த நான்கு சிலிண்டரைவிட இந்த எட்டு சிலிண்டர் எடை குறைவு. அதனால் வண்டியின் மூக்கு கனக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஓல்ட்ஸ்மொபிலில் வந்த இதே குடும்பத்து பிளாக்கை அடிப்படையாக வைத்துத்தான் ஆஸ்திரேலியாவின் ரெப்கோ நிறுவனத்தின் பந்தய இன்ஜின் உருவானது. அதை வைத்து ஜாக் பிராபம் 1966-இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றார். அமெரிக்கா வேண்டாம் என்று ஒதுக்கிய இன்ஜின் 2000-களின் தொடக்கத்திலும் லேண்ட் ரோவர்களில் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சன்பீம் டைகர். இங்கிலாந்தின் ரூட்ஸ் நிறுவனத்தின் சன்பீம் அல்பைன் நல்ல வண்டி, ஆனால் வேகம் போதாது. அதில் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8-ஐ வைத்து 1964-இல் டைகரை வெளியிட்டார்கள். முன்மாதிரியைச் செய்து காட்டியவர்களில் ஷெல்பியும் உண்டு. இன்ஜின் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தது என்றால், வண்டிகளைப் பொருத்திய ஜென்சன் தொழிற்சாலையில், ஏற்கெனவே வண்ணம் பூசிவந்த பாடியில் இன்ஜினுக்கும் பயணிகளுக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவரைச் சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளுவதுதான் முதல் வேலைகளில் ஒன்று. ஸ்டியரிங் பெட்டியை எடுத்துவிட்டு ரேக் அண்ட் பினியன் என்ற வேறு வகை ஸ்டியரிங்கை வைக்க வேண்டியதாயிற்று. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, வண்டிக்குள்ளிருந்து தடுப்புச் சுவரின் ஓட்டை வழியே கையை விட வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் விற்ற, உத்தரவாதம் கொடுத்த வண்டி இது.

பிறகு கிரைஸ்லர் ரூட்ஸை வாங்கியது. தன் வீட்டு வண்டிக்குள் ஃபோர்டு இன்ஜின் இருப்பதை கிரைஸ்லரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தன்னிடமிருந்த 4.5 லிட்டர் வி8-ஐ வைத்துப் பார்த்தார்கள், உட்காரவில்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஃபோர்டு இன்ஜினில் முன்பக்கம், கிரைஸ்லரில் பின்பக்கம். பின்னால் அதற்கு இடமே இல்லை. ஃபோர்டின் பெயர் சொல்லும் சின்னத்தை எடுத்துவிட்டு வெறும் 'சன்பீம் வி8' என்று ஒட்டி, கையிருப்பில் இருந்த இன்ஜின்களை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். 1967-இல் டைகரே நின்றுபோனது. ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஒரு காரின் ஆயுள் முடிந்திருக்கிறது. இன்ஜின் மாற்றும் வேலையில் இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்லும் கதை இதுதான். குதிரைத்திறனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எது எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஃபோர்டுக்குள் ஷெவர்லே என்பதும் புதிதில்லை. 1932-இல் ஃபோர்டு சாமானியர் வாங்கும் விலையில் வி8 கொடுத்தது. பழைய காருக்குத் திறன் ஏற்றி ஓட்டும் ஹாட் ராட் பண்பாட்டின் தாய்வீடு அந்த 32 மாடல்தான். 1955-இல் ஷெவர்லே தன் சிறிய வி8-ஐக் கொண்டுவந்தபோது, அதே 32 ஃபோர்டுகளுக்குள் ஷெவர்லே இன்ஜின் சாரிசாரியாக ஏறியது. மலிவு, எடை குறைவு, எங்கும் கிடைக்கும், திறனை ஏற்றுவதும் எளிது. அந்த இளைஞர்கள் ஃபோர்டை வெறுத்தவர்கள் இல்லை. ஃபோர்டு பாடியின் அழகை விட மனம் வராமல்தான் அதற்குள் வேறு இன்ஜினைத் தேடினார்கள்.

இனி, இந்தப் பகையைப் பற்றி நான் தெரிந்துகொண்டபோது பேச்சற்று உட்கார்ந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் வேலைக்காக இரண்டு நிறுவனங்களின் இன்ஜின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது கிடைத்தது.

வி8 இன்ஜினில் எட்டு சிலிண்டர்களும் எந்த வரிசையில் எரிகின்றன என்பதை ஃபயரிங் ஆர்டர் என்பார்கள். மஸ்டாங்கில் வந்த ஃபோர்டு 289 (கொள்ளளவு 289 கன அங்குலம்) வி8-இன் வரிசை 1-5-4-2-6-3-7-8. பழைய ஷெவர்லே சிறிய வி8-இன் வரிசை 1-8-4-3-6-5-7-2. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும். ஆனால் இரண்டு நிறுவனங்களும் சிலிண்டர்களுக்கு எண் போடும் முறை வேறு. ஃபோர்டு வலது வரிசைக்கு முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4 என்றும் இடது வரிசைக்கு 5, 6, 7, 8 என்றும் போடும். ஷெவர்லே இடது வரிசைக்கு 1, 3, 5, 7 என்றும் வலது வரிசைக்கு 2, 4, 6, 8 என்றும் போடும். எண்களை மறந்துவிட்டு, இடது முன், வலது பின் என்று இடத்தை மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே வரிசை. தொடங்கும் இடம்தான் வேறு.

எங்கள் எல்எஸ்1 சேர்ந்த எல்எஸ் இன்ஜின் குடும்பம் வந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வரிசையை மாற்றியது: 1-8-7-2-6-5-4-3. இதையும் இடத்தை வைத்து எழுதினால், ஃபோர்டு 1969-இல் 351 வின்ட்சர் இன்ஜினில் கொண்டுவந்த 1-3-7-2-6-5-4-8 என்ற வரிசையோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. அதாவது எங்கள் நண்பரின் மஸ்டாங்கில் இன்று எரியும் அந்த 'எதிரி' இன்ஜின், ஃபோர்டின் சொந்த வி8 ஒன்றின் தாளத்தில்தான் எரிகிறது. ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சண்டையெல்லாம் வெளியில நிக்கிற நமக்குத்தானா?" என்றார்.

சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இது ஓரளவு பதில். வி8-இன் குரலை ஃபயரிங் ஆர்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் குழாய்களின் நீளம், சைலன்சர் எல்லாம் சேர்ந்துதான் அது உருவாகிறது. ஆனால் 'ஃபோர்டின் தாளம் போய்விட்டது' என்ற குறையை அந்தத் தாளிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

சரி, ஏன் எல்எஸ்? ஃபோர்டிடம் 2011 மஸ்டாங்கில் வந்த 5.0 லிட்டர் கொயோட் இருக்கிறதே? அருமையான இன்ஜின் அது. ஆனால் அதன் நான்கு கேம்ஷாஃப்ட்களும் சிலிண்டர் ஹெட்களின் மேலே உட்கார்ந்திருக்கின்றன. அதனால் இன்ஜினின் தலை அகன்றுவிட்டது. எல்எஸ்ஸில் ஒரே கேம்ஷாஃப்ட், அது இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே பள்ளத்தில் ஒளிந்துகொண்டு, புஷ்ராட் என்ற கம்பிகள் வழியே வால்வுகளைத் திறக்கிறது. பழைய பாணிதான். அந்தப் பழைய பாணியால்தான் 5.7 லிட்டர் கொள்ளளவும் 1997 கார்வெட்டில் 345 குதிரைத்திறனும் இவ்வளவு ஒடுக்கமான உருவத்துக்குள் வந்தன.

முதல் தலைமுறை மஸ்டாங்கில் இந்த ஒடுக்கம் பெரிய விஷயம். அதன் முன் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங், மேல் ஆர்முக்கு மேலே நிற்கிறது. அதைத் தாங்கும் ஷாக் டவர்கள் இருபுறமும் இன்ஜின் அறைக்குள் புடைத்துக்கொண்டிருக்கும். கொயோட்டை வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்த டவர்களை அறுத்தெடுத்துவிட்டு வேறு சஸ்பென்ஷன் போட வேண்டும். ஃபோர்டு இன்ஜினுக்காக ஃபோர்டு பாடியை அறுப்பதா, ஷெவர்லே இன்ஜினை வைத்து ஃபோர்டு பாடியை முழுசாகக் காப்பாற்றுவதா? எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. இன்ஜினைக் கழற்றலாம், விற்கலாம், இன்னொன்று வைக்கலாம். 1966-இல் ஆலையில் வெல்டிங் செய்த ஷாக் டவரை ஒருமுறை அறுத்துவிட்டால் போனது போனதுதான். இன்ஜின் மாற்றுகிறவர்களில் என் மரியாதை யாருக்கு என்று கேட்டால், பத்து வருஷம் கழித்து இன்னொருவர் அசல் இன்ஜினை அதே போல்ட் துளைகளில் திரும்ப மாட்டும்படி விட்டுவைக்கிறவருக்குத்தான்.

இன்ஜினை உள்ளே இறக்குவது பார்க்க பிரம்மாண்டமாக இருக்கும். உண்மையில் அது சின்ன வேலை. அதைச் சுற்றியிருப்பவைதான் மாதக்கணக்கில் ஆளைச் சாப்பிடும்.

முதல் சங்கடம் ஆயில் சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. பழைய மஸ்டாங்கில் ஸ்டியரிங் இணைப்புக் கம்பிகள் இன்ஜினுக்கு அடியில் பின்பக்கமாகக் குறுக்கே ஓடுகின்றன. அதனால் ஃபோர்டு தன் வி8-இன் சம்ப்பை முன்பக்கம் ஆழமாக, பின்பக்கம் மேலேறியதாகச் செய்தது. கார்களில் வந்த எல்எஸ் சம்ப்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆழமான பகுதி பின்னால். அப்படியே இறக்கினால் ஸ்டியரிங் கம்பி சம்ப்பில் இடிக்கும். சம்ப்பை மாற்ற வேண்டும். சம்ப்பை மாற்றினால் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயையும் மாற்ற வேண்டும். எல்எஸ்ஸில் அந்தக் குழாய் ஆயில் பம்ப்போடு சேரும் இடத்தில் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கிறது. மாட்டும்போது அது லேசாக மடங்கினாலும் கிழிந்தாலும் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும், பிரஷர் விழும், பேரிங் போகும். கை நிறைய காசு போட்டு வாங்கிய இன்ஜினின் உயிர் ஒரு ரப்பர் வளையத்தில் நிற்கிறது. நாங்கள் அதை மாட்டிய பிறகு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரை மட்டும் சுற்றவைத்து, கேஜில் ஆயில் பிரஷர் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பெட்ரோல் பம்ப்பை இணைத்தோம்.

அடுத்தது கியர்பாக்ஸ். எல்எஸ்ஸோடு வரும் ஆறு கியர் டி56 பெட்டி உறுதியானது, ஆனால் பருமன். பழைய மஸ்டாங்கில் கியர்பாக்ஸுக்காகத் தரை மேடாக எழும்பும் டனலை வெட்டித் தூக்காமல் அது உட்காராது. வெட்டக் கூடாது என்று முடிவெடுத்திருந்ததால் ஒடுக்கமான ஐந்து கியர் பெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் மையம். இன்ஜினின் கிராங்க்ஷாஃப்ட் மையமும் கியர்பாக்ஸ் உட்காரும் துளையின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். வெவ்வேறு ஆலைகளில் செய்த இரண்டு பொருட்களை இணைக்கும்போது இது தானாக அமைந்துவிடும் என்று நம்பக் கூடாது. டயல் கேஜை ஃப்ளைவீலில் மாட்டி, கிராங்கைக் கையால் சுற்றி, துளையின் விளிம்பில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். மைய விலகல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மீறினால் மையத்தைச் சற்றே தள்ளித்தரும் டவல் பின்கள் கிடைக்கின்றன. அவற்றைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யலாம். இதைச் செய்யாத வண்டிகளில் கிளட்ச் இழுபடும், கியர் விழ மறுக்கும், கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரமே கத்தத் தொடங்கும். அப்போது பழி இன்ஜின் மேல் விழும்: பார்த்தாயா, வேற கம்பெனி இன்ஜின் செட் ஆகாது என்றுதானே சொன்னேன்!

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் இப்படித்தான். இன்ஜினின் வால் எத்தனை டிகிரி கீழே சாய்கிறதோ, பின் ஆக்சிலின் பினியன் அத்தனை டிகிரி மேலே நோக்க வேண்டும்; இரண்டும் இணையாக இருந்தால் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்களின் துடிப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஜாயின்ட் ஒவ்வொன்றும் வேலை செய்யும் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. வண்டி நாலு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் இதை அளக்க வேண்டும். ஸ்டாண்டில் தொங்கவிட்டு அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

குளிரூட்டலில் எல்எஸ்ஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சிலிண்டர் ஹெட்களின் மேல் மூலைகளில் நீராவி வெளியேற சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். பழைய இன்ஜின்களில் பழகியவர்கள் அவை எதற்கு என்று தெரியாமல் அடைத்துவிடுவதுண்டு. அடைத்தால் அங்கே ஆவி தேங்கி, கேஜ் சாதாரணமாகக் காட்டும்போதே ஹெட்டின் ஒரு மூலை வெந்துகொண்டிருக்கும். அவற்றை ரேடியேட்டரின் மேல் தொட்டியோடு மெல்லிய குழாயால் இணைத்துவிட வேண்டும்.

பெட்ரோல் பாதையும் முழுசாக மாறுகிறது. கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும், எல்எஸ்ஸின் இன்ஜெக்டர்கள் 58 பி.எஸ்.ஐ. கேட்கின்றன. பழைய ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் இந்த அழுத்தத்தில் நம்புவது உயிரோடு விளையாடுவது. போதாததற்கு, மஸ்டாங்கின் பெட்ரோல் டேங்க்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. அந்த டேங்க்குக்குள் தடுப்புகள் கிடையாது. வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டராக இருந்தால் அதன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அந்த நொடியைச் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷனுக்கு அந்தச் சலுகை இல்லை, இன்ஜின் அங்கேயே திக்கும். தடுப்புகளும் உள்ளேயே பம்ப்பும் கொண்ட டேங்க் போட்டால்தான் இந்தத் தொல்லை தீரும்.

வயரிங்கை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், அது பொறுமையைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எல்எஸ்1-இன் கணினி, தன் பழைய வண்டியின் திருட்டுத் தடுப்பு அமைப்பிலிருந்து அனுமதி வராவிட்டால் பெட்ரோலை நிறுத்திவிடும். புரோகிராமில் அதை நீக்கச் சொல்லாமல், ஸ்டார்ட் ஆகவில்லை என்று நல்ல சென்சார்களை எல்லாம் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1960-களின் நடுப்பகுதிவரை அவற்றில் பல பாசிட்டிவ் எர்த். பாடியோடு பேட்டரியின் பாசிட்டிவ் முனையை இணைத்திருப்பார்கள். அதை அப்படியே விட்டு நவீன கணினியை மாட்டினால் அந்த நிமிடமே அது கருகிவிடும்.

பிரேக்கையும் ஆக்சிலையும் கடைசியில் சொல்வது அவை குறைந்தவை என்பதால் அல்ல. பெரும்பாலான வேலைகளில் பணம் தீரும்போதுதான் அவற்றின் முறை வருகிறது, அது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். 1966-இன் ஆறு சிலிண்டர் மஸ்டாங்கின் 3.3 லிட்டர் இன்ஜினுக்கு 120 குதிரைத்திறன். சக்கரத்துக்கு நான்கே போல்ட், நான்கு பக்கமும் டிரம் பிரேக், மெலிந்த பின் ஆக்சில். அதே ஆண்டின் வி8 மஸ்டாங்குக்கு ஃபோர்டே ஐந்து போல்ட் சக்கரமும் பெரிய ஆக்சிலும் கொடுத்தது. 120-ஐ 345 ஆக்கிவிட்டு, நிறுத்தும் பொறுப்பை அந்தப் பழைய டிரம்களிடமே விடுவது எந்த விதத்திலும் நியாயம் இல்லை. நாங்கள் இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே முன் டிஸ்க் பிரேக்கும் ஐந்து போல்ட் ஆக்சிலும் வந்து சேர்ந்துவிட்டன. நண்பரிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை அது.

எல்லா இணைப்பும் இப்படி வம்பு பண்ணுவதில்லை. காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் படுத்த நான்கு சிலிண்டர் இருந்த இடத்தில் சுபாருவின் படுத்த நான்கு சிலிண்டரை வைப்பவர்கள் இருக்கிறார்கள். உருவம் ஒத்துப்போகிறது, அடாப்டர் தகடு ஒன்றில் கியர்பாக்ஸோடு சேர்ந்துவிடுகிறது. ஆனால் பீட்டிலில் இதுவரை இல்லாத ரேடியேட்டருக்கு முன்னால் இடம் தேடி, வண்டியின் நீளத்துக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும். டாட்சன் 240இசட்டின் நீண்ட மூக்குக்குள் எல்எஸ் அழகாகப் பின்தள்ளி உட்காரும், முன் எடையும் பெரிதாக ஏறாது. பழைய மினியில் ஹோண்டா இன்ஜின் வைக்கிறவர்களுக்கு வேறு தலைவலி: மினியின் அசல் இன்ஜின் தன் கியர்பாக்ஸின் மேலேயே, ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பது, ஹோண்டாவில் கியர்பாக்ஸ் பக்கவாட்டில். இன்ஜினைத் தாங்கும் முன்பக்கச் சட்டமான சப்ஃப்ரேமையே புதிதாகச் செய்ய வேண்டிவரும்.

எதிர்ப்பாளர்களின் பக்கம் நியாயம் முழுக்க இருக்கும் இடமும் உண்டு. பிளாக்கில் பொறித்த எண்ணும் பாடியின் எண்ணும் ஒத்துப்போகும் வண்டி, அதுவும் 271 குதிரைத்திறன் 289-ஓடு வந்த கே-கோடு மஸ்டாங் போன்ற ஒன்று, கையில் இருந்தால் அதன் இன்ஜின் மவுண்ட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள். பழுதென்றால் அந்த இன்ஜினையே செப்பனிடுங்கள். அப்படிப்பட்ட வண்டி ஓர் ஆவணம். ஆலையை விட்டு வந்த நிலையில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். இன்ஜினை இழந்து, துருப்பிடித்து, உதிரிபாகங்களுக்காக அறுபடக் காத்திருக்கும் சாதாரண ஆறு சிலிண்டர் கூடுகளின் கதை வேறு. அவற்றுக்கு எல்எஸ் கிடைத்தால் அது மறுவாழ்வு.

சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும், நாட்டுக்கு நாடு அது மாறுகிறது. பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த விலக்கு போய்விடும். அந்த மாடலுக்கு அக்காலத்தில் ஆலையே கொடுத்த மாற்று இன்ஜின் என்றால் தடையில்லை, சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் கேள்வி வரும். கலிஃபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டு மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. அதற்குப் பிந்தியவற்றில், வைக்கும் இன்ஜின் காரின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, அதன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கூடவே வர வேண்டும். இன்ஜின் வாங்கிய பிறகு இதைப் படிப்பதைவிட வாங்குவதற்கு முன் படிப்பது நல்லது.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை முடிக்காமல் எங்கள் நண்பரை நான் விடவில்லை. ஒரு ஃபைல். சம்ப் எந்த வண்டியுடையது, பிக்கப் குழாய் எந்த அளவு, கிளட்ச் பிளேட்டின் பல் எத்தனை, வாட்டர் பம்ப் பெல்ட்டின் நீளம், ஃப்யூயல் ஃபில்டரின் பாக எண், கணினியில் எந்தப் புரோகிராம், எந்த வயர் எந்த நிறத்தில் எங்கே போகிறது, பெல் ஹவுசிங்கில் கடைசியாக அளந்த விலகல் எவ்வளவு. ஃபோர்டு கையேட்டில் இந்த வண்டி இல்லை, ஷெவர்லே கையேட்டிலும் இல்லை. நெடுஞ்சாலையில் பெல்ட் அறுந்து நிற்கும்போது, பானட்டைத் திறக்கும் மெக்கானிக் 1966 மஸ்டாங்குக்கு என்று கேட்டு வாங்கும் எந்தப் பெல்ட்டும் இதற்குச் சேராது. அந்த ஃபைல் இப்போது டிக்கியில் இல்லை, முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. போன வாரம் ஆல்டர்னேட்டர் மாற்றியதையும் அதில் எழுதிவிட்டார்.